சாம்பலில் எழுதிய சித்திரங்கள்



மனிதன் எழுதக் கற்று ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஆனால், அவன் சித்திரம் தீட்டத் தொடங்கியதோ அதற்கும் மிக முற்பட்ட காலத்தில். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள குகையொன்றில், ஒரு காட்டுப்பன்றியும் அதைச் சூழ்ந்த மனித உருவங்களும் வரையப்பட்டுள்ளன. அந்த ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டுகள் பழைமையானது என்று 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவிக்கின்றது. எழுத்துக்கு மூத்தது சித்திரம்.

இந்த உண்மையை அறிஞர் உலகம் இலகுவில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1879இல் ஸ்பெயின் நாட்டின் அல்தமீரா குகைக்குள் தந்தையுடன் சென்ற மரியா என்ற சிறுமி, குகையின் விதானத்திலே காட்டெருமைகளைக் கண்டாள். அவளது தந்தை சாவுத்துவோலா அதை வெளியிட்டபோது, காட்டுமிராண்டிக்கு இத்தகைய கலை வராது, இது மோசடி என்றனர் அறிஞர். 1902இல், எதிர்த்தவர்களில் முதன்மையானவரே தம் பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். அதைக் கேட்கச் சாவுத்துவோலா அப்போது உயிருடன் இல்லை.

அதன்பின் வேறொரு கேள்வி பிறந்தது. இவற்றை வரைந்தவர் யார்? எதற்காக வரைந்தனர்? வேட்டை பலிக்க வேண்டுமென்று செய்த மந்திரச் சடங்கு என்றனர் சிலர். வழிபாடு என்றனர் வேறு சிலர். வரைந்தவர்களோ மறைந்து பல்லாயிரம் ஆண்டுகளாகிவிட்டன. யாரிடம் போய்க் கேட்பது?

நேயர்களே, நமது இலங்கையிலே அவ்வாறு கேட்க முடிந்தது. வத்தேகமவிலிருந்து கிழக்கே பார்த்தால் தெரியும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், மகியங்கனையைத் தாண்டி விரிவது வேடர் வாழ்ந்த நிலம். சார்ள்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் அம்மக்களிடையே தங்கி ஆராய்ந்து, 1911இல் ஒரு நூல் வெளியிட்டனர். குகைச் சுவர்களில் மான், நாய், சிறுத்தை, வில்லேந்திய மனிதன் முதலிய உருவங்களை அவர்கள் கண்டனர். வரைந்தது யார் என்று கேட்டபோது, எங்கள் பெண்கள் என்ற விடை கிடைத்தது. வேட்டைக்குச் சென்ற ஆண்கள் திரும்பும்வரை, அடுப்புச் சாம்பலை எச்சிலில் குழைத்து, விரலால் தொட்டுத் தீட்டினார்களாம்.

மந்திரமுமில்லை, சடங்குமில்லை. காத்திருப்பு, அவ்வளவுதான். இதைக் கொண்டு அல்தமீராவையும் பெண்களே வரைந்தனர் என்று முடிவுகட்ட இயலாது. எனினும், ஆதிகால ஓவியன் என்றதும் ஓர் ஆணையே கற்பனை செய்யும் நமது வழக்கத்தை இச்செய்தி அசைத்துவிடுகின்றது. நம் தோட்டத்து லயங்களில் தைப்பொங்கலன்று வாசலில் மாக்கோலமிடும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாலைக்குள் அழிந்துவிடும் என்று தெரிந்தே அவள் இடுகிறாள். அதைக் கலை என்று எந்த ஏட்டிலாவது பதிந்தோமா?

அரசர் ஆதரித்த கலைக்கு இந்தக் குறை இல்லை. சிகிரியா ஓவியங்களோடு காசியப்பனின் பெயர் நிலைத்திருக்கின்றது. அங்குள்ள கண்ணாடிச் சுவரில் வந்துபோனோர் கீறிய பாடல்களில் 685ஐப் பரணவிதான 1956இல் நூலாக்கினார். கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொறுவ குகை விகாரையில், கீர்த்தி சிறீ ராஜசிங்கன் காலத்து ஜாதகக் கதை ஓவியங்களைப் பார்க்கும்போது, தீட்டிய சில்வத்தென்ன என்னும் துறவியின் பெயரும் நினைவுக்கு வருகின்றது. சாம்பலில் வரைந்த பெண்களுக்கோ பெயரில்லை.

1967இல் விஷமிகள் சிகிரியா ஓவியங்கள்மீது வர்ணம் பூசிச் சிதைத்தனர். நிபுணர்கள் வரவழைக்கப்பட்டு அவை சீர்செய்யப்பட்டன. வேடர் குகையில் யாரோ ஒருவர் தம் பெயரைக் கீறினால், மழைநீர் வழிந்து சாம்பல் கரைந்தால், மீட்பதற்கு எந்த நிபுணராலும் இயலாது. சுதைப் பூச்சுமில்லை, பிசினுமில்லை. பாறையும் சாம்பலும் மட்டுமே.

ஆகவே, பழைய குகையொன்றைக் காணச் செல்லும்போது நிறங்களை மட்டும் தேடாதீர்கள். பாறையில் மங்கலாகத் தெரியும் வெண்கோட்டையும் சற்று நின்று பாருங்கள். தொடாமல் பாருங்கள். கணவன் மானோடு வருவானா, வெறுங்கையோடு வருவானா என்று ஏங்கியிருந்த ஒருத்தியின் விரல் சென்ற வழியாக அது இருக்கலாம்.