தேநீர்க் கடைக்காரர்கள் கட்டிய கணினி

போன மாதம் ஒரு முன்னாள் மாணவன் பள்ளிக்கு வந்திருந்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் பட்டயம் முடித்து, தேசிய சேவையும் முடித்துவிட்டான். இப்போது ஒரு பக்கம் பல்கலைக்கழக இடம், இன்னொரு பக்கம் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. "டீச்சர், நான் படிச்சிட்டு வர்றதுக்குள்ள அங்க நல்ல அனுபவமே கெடச்சிடும்ல? டிகிரி எதுக்கு?" என்றான். அம்மா வேறு வீட்டில் சரியாகப் பேசுவதில்லையாம்.

நான் தமிழாசிரியை. கணினித் துறைக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி? எனக்குத் தெரிந்த ஒரு வரலாற்றைத்தான் சொன்னேன். உயர்நிலை வகுப்பில் கலந்துரையாடலுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஜே. லயன்ஸ் என்பது பிரிட்டனில் தேநீர்க் கடைகள் நடத்திய நிறுவனம். கடைகள் மட்டும் 200க்கு மேல். லண்டனின் கேட்பி ஹாலில் கேக்கும் ரொட்டியும் தயாராகும். ஒவ்வொரு கடையிலிருந்தும் தினமும் சில்லறைக் கணக்கு வந்து குவியும். அதைப் பார்க்க ஒரு எழுத்தர் பட்டாளமே இருந்தது. 1947-ல் அதன் அதிகாரிகள் இருவர் அலுவலக முறைகளைப் பார்த்து வர அமெரிக்கா போனார்கள். மின்னணுக் கணிப்பொறியைப் பற்றி விசாரித்தபோது, உங்கள் ஊர் கேம்பிரிட்ஜிலேயே ஒன்று உருவாகிறதே என்று தெரிய வந்தது! திரும்பி வந்ததும் லயன்ஸ் கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுண்டு கொடுத்தது, தன் தொழில்நுட்பர் ஒருவரையும் அனுப்பியது. மாரிஸ் வில்க்ஸ் குழுவின் எட்சாக் கணினி 1949 மே 6-ஆம் தேதி ஓடியது. அந்த வடிவமைப்பை ஒட்டி லயன்ஸ் கட்டியதுதான் லியோ. 1951 நவம்பர் இறுதியில் அது பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. அன்றாட வணிக வேலையைச் செய்த முதல் கணினி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கு நிரல் எழுதியவர்கள் யார்? அப்போது கணினிப் பட்டம் என்று ஒன்று கிடையாது. கேம்பிரிட்ஜின் ஓராண்டுப் பட்டய வகுப்பே 1953-ல்தான் வந்தது. எனவே லயன்ஸ் தன் ஊழியர்களிடையே ஆள் தேடியது. பயிற்சி வகுப்பு வைத்து, கணக்குப் புதிர் கொடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி வந்தவர் மேரி கூம்ஸ். அவர் படித்தது பிரெஞ்சு. (மொழிப் பட்டதாரிகளே, கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்!) நிரல் பணிக்குத் தலைமை ஏற்ற டேவிட் காமினர் 1936-ல் மேலாண்மைப் பயிற்சியாளராகச் சேர்ந்து அங்கேயே வளர்ந்தவர். ஒரு வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் யார் தப்பு செய்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எழுத்தர் ஒருவர் 8 நிமிடம் போட்ட ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கை லியோ 1.5 வினாடியில் முடித்ததென்றால், அந்த அறிவும் அதற்குள் இருந்தது.

இதைக் கேட்டதும் மாணவன் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா டீச்சர்!"

கொஞ்சம் பொறுப்பா என்றேன். இயந்திரத்தைக் கட்டிய ஜான் பிங்கர்டன் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். எட்சாக் இல்லாமல் லியோ இல்லை. இன்னொன்று: லியோவில் பணியாற்றிய ஃபிராங்க் லேண்ட் 1967-ல் லண்டன் பொருளியல் கல்லூரிக்குப் போனார். தொழிலில் கற்ற அமைப்புப் பகுப்பாய்வை அங்கே பாடமாக்கினார். இன்று நம் பிள்ளைகள் பட்டத்தில் படிக்கும் தகவல் அமைப்புத் துறையின் வேர்களில் ஒன்று அந்தக் கடைக் கணக்கில் இருக்கிறது.

ஆனால் என் மனத்தில் நிற்பது வேறொரு விஷயம். லயன்ஸ் தன் ஆட்களுக்குச் சம்பளமும் கொடுத்துக் கற்றும் கொடுத்தது. முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. தவறைக் கண்டுபிடிக்கப் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். அனுபவம் பட்டத்துக்கு ஈடாகும் என்று வாதாடுகிறோமே, அந்த அனுபவத்தில் இதெல்லாம் இருக்கிறதா? ஒரே வேலையை நாலு வருஷம் செய்வதும் அனுபவம் என்றுதான் தற்குறிப்பில் எழுதப்படும்.

"அந்த கம்பெனியில உனக்கு யாரு சொல்லித் தருவாங்க?" என்று கேட்டேன்.

யோசித்தான். "மொத்தமே ஆறு பேருதான் டீச்சர். கேட்டுப் பார்க்கிறேன்" என்றான். பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்ல இன்னும் பத்து நாள் இருக்கிறதாம்.