அனுமன் உப்புக்கொத்தி: எண்ணிக்கைக் கண்காணிப்பு

அனுமன் உப்புக்கொத்தி இலங்கையிலும் தென்னிந்தியக் கடலோரத்திலும் ஆண்டு முழுதும் வாழும் சிறு கரைப்பறவை. கடற்கரை மணலிலும் உப்பளத் தரையிலும் முட்டையிடும். அறிவியல் பெயர் இப்போது அனாரிங்கஸ் சீபோமி; முன்பு சாரட்ரியஸ் சீபோமி. 1915இல் பறவையியலாளர்களான ஹார்ட்டர்ட், ஜாக்சன் ஆகிய இருவரும் இதை விவரித்தனர். பின்னர் நெடுங்காலம் இது கென்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினமாகவே கருதப்பட்டது. மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2023இல் இதைத் தனி இனமாக நிறுவியது. ராமர் பாலப் பகுதியில் வாழ்வதால் அனுமன் பெயர் வழங்கலாயிற்று.

கணக்கெடுப்பின் சிக்கல்

வடக்கிலிருந்து வலசை வரும் கென்டிஷ் உப்புக்கொத்திகளும் குளிர்காலத்தில் இதே கரைகளில் மேய்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே தோற்றமுடையவை. அனுமன் உப்புக்கொத்திக்குக் கால் சற்று வெளிர்ந்த சாம்பல் நிறம், இறக்கையும் அலகும் சிறிது குட்டையானவை. ஆகவே தமிழ்நாடு வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த குளிர்கால நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இதற்குப் போதாது. வலசைப் பறவைகள் திரும்பிய பின், கோடையில் கூடுகளை எண்ணுவதே நம்பகமான வழி.

களமுறை

மணலில் கிண்டிய ஆழமற்ற குழியே கூடு. அதில் 2 அல்லது 3 முட்டைகள், மணலோடு மணலாகப் புள்ளியிட்ட நிறத்தில் இருக்கும். எனவே ஆய்வாளர் தொலைவில் அமர்ந்து, தாய்ப்பறவை திரும்பி அமரும் இடத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறிப்பார். முட்டையின் வயதை அறிய அதை நீரில் இடுவர்: புது முட்டை படுத்தவாறு அமிழும், நாளாக ஆக உள்ளே காற்றறை பெருகி, மழுங்கிய முனை மேலெழும். வளர்ந்த பறவைகளைக் கூட்டருகே பொறியில் பிடித்து, காலில் உலோக வளையமும் நிற வளையங்களும் இட்டு விடுவர். பிறகு அவற்றைப் பிடிக்காமலே தனித்தனியாக அடையாளம் காணலாம்.

கணிப்பு

கண்டெடுத்த கூடுகளுள் எத்தனை பொரித்தன என்று மட்டும் எண்ணினால் கணக்கு பிழைபடும். கண்டுபிடிக்கும் முன்பே அழிந்த கூடுகள் அதில் வராது. இதைத் திருத்த, பறவையியலாளர் மேஃபீல்டு 1961இல் வகுத்த முறையில், ஒரு கூடு ஒரு நாள் தப்பும் வாய்ப்பைக் கணிப்பர். அது 97 விழுக்காடு என்றால், 25 நாள் அடைகாப்பில் 100 கூடுகளுள் சுமார் 47 மட்டுமே பொரிக்கும். நாய், காக்கை, கால்நடையின் மிதி, வண்டித்தடம் ஆகியவற்றால் ஏற்படும் இழப்பைத் தனித்தனியே பதிந்தால், எதைத் தடுப்பது என்பது தெளிவாகும்.

உள்நாட்டில்

மேற்குத் தமிழகத்தில் உள்ள, கடலில்லாத கொங்கு நாடு இப்பறவையின் வழக்கமான வாழிடம் அன்று. ஆனால் தென்னிந்தியாவில் பட்டாணி உப்புக்கொத்தி ஆற்று மணலிலும் குளத்துத் திட்டிலும், ஆள்காட்டிக் குருவி மேட்டுக்காட்டிலும் இவ்வாறே தரையில் முட்டையிடுகின்றன. ராம்சார் தளங்களான ஈரோடு வெள்ளோடு, திருப்பூர் நஞ்சராயன் குளம் போன்ற நீர்நிலைகளிலும் தரையில் கூடமைக்கும் பறவைகளுக்கு இதே களமுறை பொருந்தும்.