முப்பது படி ஏறும் படகு



படகு மேடு ஏறுமா? வகுப்பில் கேட்டிருந்தால் கடைசி பெஞ்சிலிருந்து "ஏறாது சார்" என்று ஒரே குரலில் பதில் வந்திருக்கும். ஆனால் இங்கிலாந்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படகுகள் மேடு ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

வூஸ்டர் நகரில் செவர்ன் ஆறு தாழ்வான இடத்தில் ஓடுகிறது. பர்மிங்காம் நகரம் மேட்டில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கால்வாய் 1815-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. வழியில் டார்டபிக் என்ற சிற்றூர். அங்கே இரண்டேகால் மைல் தூரத்துக்குள் கால்வாய் 220 அடி உயர வேண்டும். அதற்காக 30 'லாக்'குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டு போலக் கட்டினார்கள். பிரிட்டனிலேயே மிக நீளமான லாக் வரிசை இதுதான்.

லாக் என்பது இரு முனையிலும் கதவு உள்ள ஒரு நீர்த்தொட்டி. கீழேயிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் கீழ்க்கதவை மூடுவார்கள். பிறகு கைப்பிடிச் சாவியால் மேல் மடையைத் திறந்தால் தண்ணீர் உள்ளே பாயும். தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயரும். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமானால்தான் மேல்கதவு திறக்கும். அதுவரை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. அவசரக்காரனுக்கு அங்கே வேலையில்லை. ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதனால்தான் பக்கத்திலேயே ஒரு நீர்த்தேக்கமும் கட்டினார்கள்.

இந்த லாக்குகள் ஏழடிக்குச் சற்றே கூடுதலான அகலம் கொண்டவை. அதற்கேற்ப ஏழடி அகலம், எழுபதடி நீளத்தில் செய்த படகுதான் 'நேரோபோட்'. நிலக்கரி, உப்பு என்று சுமார் 25 டன் சரக்கை ஏற்றி, கரையில் நடக்கும் ஒரே குதிரை இழுத்துச் செல்லும். முப்பது படியும் ஏறி முடிக்க அரைநாள் ஆகும்.

1840-இல் அதே மேட்டில், சற்றுத் தள்ளி, ரயில் பாதை வந்தது. படகு அரைநாள் ஏறும் உயரத்தை ரயில் சில நிமிடங்களில் ஏறியது. இங்கிலாந்து முழுவதும் இதே கதைதான். கால்வாய்க் கூலி இறங்கியது. படகோட்டிகள் என்ன செய்வார்கள்? வீட்டு வாடகையையும் உதவியாள் சம்பளத்தையும் மிச்சப்படுத்த, பலர் மனைவி மக்களைப் படகிலேயே குடியேற்றினார்கள். படகின் பின்பக்கத்தில் சுமார் பத்தடி நீளமுள்ள அறை. சமையல், படுக்கை, பிரசவம் எல்லாம் அதற்குள்தான்.

பிள்ளைகளும் வேலையாட்கள் ஆனார்கள். குதிரையோடு நடப்பதும், முன்னால் ஓடிப் போய் அடுத்த லாக்கைத் தயார் செய்வதும், கதவின் நீண்ட மர உத்தரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ளுவதும் அவர்கள் வேலை. நடக்கப் பழகும் குழந்தை தண்ணீரில் விழுந்துவிடாமல் இருக்க, அதைப் படகின் புகைபோக்கியோடு கயிற்றால் கட்டி வைப்பதும் உண்டு.

பள்ளிக்கூடம்? இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர். எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

இதைக் கேட்டவர் ஜார்ஜ் ஸ்மித். சிறுவயதில் செங்கல் சூளையில் மண் சுமந்தவர். முதலில் சூளைப் பிள்ளைகளுக்காகப் போராடினார். பிறகு படகுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அவருடைய விடாமுயற்சியால் 1877-இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. படகை ஓர் ஊரில் பதிவு செய்ய வேண்டும், பிள்ளைகளின் படிப்பு அந்த ஊரின் பொறுப்பு என்றது சட்டம். 1884-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஆனாலும் படகு நிற்கவில்லையே! சரக்கு இறக்கும் அரைநாளில் ஒரு பள்ளி, அடுத்த வாரம் வேறொரு பள்ளி. இருபதாம் நூற்றாண்டிலும் எழுதப் படிக்கத் தெரியாத படகுக் குடும்பங்கள் ஏராளம்.

கால்வாய் வெட்டிய கம்பெனிகளின் கணக்குகளும் பொறியாளர்களின் வரைபடங்களும் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக உள்ளன. அந்தப் பிள்ளைகள் எழுதியது மிகக் குறைவு. எழுதத் தெரிந்தால்தானே எழுதுவார்கள்?

சரக்குப் படகுகள் மறைந்தபோது பல கால்வாய்கள் தூர்ந்து போயின. எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் டார்டபிக்கில் தம் படகிலேயே வசித்து வந்தார். ராபர்ட் ஐக்மன் 1945-இல் அவரைத் தேடி வந்து சந்தித்தார். அடுத்த ஆண்டே கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் பிறந்தது. இன்று அந்த முப்பது படிகளில் விடுமுறைக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே சாவி சுழற்றுகிறார்கள். மகிழ்ச்சிதான். இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒருமுறை அந்தக் கரையில் நடந்து பாருங்கள். பழைய கால்வாய்ப் பாலங்களின் ஓரங்களில் இழுகயிறு உராய்ந்த பள்ளங்கள் தெரியும். அந்தக் குதிரைகளோடு நடந்தவர்களில் பலர் பள்ளியில் இருந்திருக்க வேண்டிய வயதினர்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகும் குடும்பத்துப் பிள்ளை பாதி வருடத்தில் உங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றால், சான்றிதழ் கேட்பதற்கு முன் உட்கார இடம் கொடுங்கள். நம்மிடம் அது இருக்கப் போவது எத்தனை நாளோ, தெரியாது. அந்த நாட்களில் நான்கு எழுத்தாவது கற்றுப் போகட்டும்.