இரவல் மேடை

(ஜூபின் மேத்தா: கோலெடுத்த கதை – அத்தியாயம் 3)

மருத்துவத்துக்கான படிப்பை இரண்டு வருடம் படித்துவிட்டு, இது எனக்கு ஆகாது என்று உதறியெழுந்த பம்பாய்ப் பையனோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1954ல் அவன் வியன்னா வந்து சேர்ந்தபோது வயது 18.

நகரம் அப்போது சுதந்திரமாக இல்லை. போர் முடிந்து 9 வருடமாகியும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் என்று நான்கு படைகளும் அங்கேதான் இருந்தன. 1945 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்த ஆப்பரா மாளிகையை இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்த ஊரில் இசை நிற்கவில்லை. ஜூபின் அங்கே கேட்ட முதல் கச்சேரி, கார்ல் பாம் நடத்த வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாசித்த பிராம்ஸின் முதல் சிம்பனி.

அதுவரை அவன் நேரில் கேட்டு வளர்ந்தது அப்பாவின் ஆர்க்கெஸ்ட்ராவை. மெஹ்லி மேத்தா 1935ல் தொடங்கிய பம்பாய் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவில் பார்சிகளும் கோவாக்காரர்களும் வயலின் வாசித்தார்கள். ஊதுகருவிகளுக்குக் கடற்படை பேண்டிலிருந்து ஆள் வரவேண்டும். ஆசையாலும் பிடிவாதத்தாலும் நின்ற குழு அது. மற்றதெல்லாம் வீட்டு கிராமபோன் தட்டுகள். தட்டில் மெலிந்து கேட்ட சங்கீதம் இப்போது முழு உடம்போடு எதிரே வந்து நின்றது. இனி வேறெதுவும் வேண்டாம் என்று அவன் தீர்மானித்துக்கொண்டான். தீர்மானம் சுலபம். அதற்கப்புறம்தான் சிக்கல்.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார்: ‘வாசிப்பவர்கள் எல்லோரும் தேர்ந்தவர்கள். எதிரே ஏடும் இருக்கிறது. பிறகு கோலோடு நிற்பவருக்கு என்ன வேலை?’ நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் கதையை நகர்த்த முடியாது.

ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களில் பாரதக் கூத்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். துரியோதனன் வேஷக்காரர் ஓரடியை இழுத்துப் பாடினால் முகவீணை அவரோடு இழுபடும். சட்டென்று சுழன்று கிறுக்கி ஆடினால் மிருதங்கம் அதே நொடியில் திரும்பும். பின்பாட்டுக்காரர்கள் நாலைந்து பேர். எல்லோர் கண்ணும் ஆடுபவரின் காலில். அங்கே குழு சிறியது என்பதால் கண்ணே போதும். ஆப்பராவும் கதை, பாட்டு, வேஷம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் மேடைக்குக் கீழே பள்ளத்தில் 70, 80 பேர் வாசிக்கிறார்கள். பாடுபவரின் மூச்சு அவர்களுக்குத் தெரியாது. அவர்களில் பாதிப்பேருக்குப் பாடுபவரே தெரியமாட்டார். இரண்டு பக்கத்தையும் பார்க்கும்படி நிற்பவர் நடத்துநர் ஒருவர்தான். எங்கே மூச்சு எடுப்பது, எங்கே தணிவது, எந்த வாத்தியம் எதற்கு வழிவிடுவது என்பதெல்லாம் அவர் கையில். பெரும்பாலான சிம்பனிகளில் பாடகர் இல்லை, ஆனால் வேலை அதேதான்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். வயலின் படிப்பவன் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்யலாம். நடத்துநர் எதை வைத்துச் சாதகம் செய்வான்? அவனுடைய வாத்தியம் சம்பளம் வாங்கும் நூறு மனிதர்கள். அவர்கள் முன்னால் நின்றால்தான் கற்கமுடியும். கற்றுக்கொள்ளாதவனை எவரும் நிற்கவிடமாட்டார்கள்.

ரஷ்யாவைச் சேர்ந்த இரண்டு பேர் இதே பூட்டை இரண்டு விதமாகத் திறந்தார்கள். 1897 மார்ச்சில் தன் முதல் சிம்பனி படுதோல்வி அடைந்து நொறுங்கிப்போயிருந்த ரக்மானினோவுக்கு, அந்த வருடமே மாஸ்கோவில் ரயில்வே முதலாளி மாமொந்தவ் நடத்திய தனியார் ஆப்பராவில் உதவி நடத்துநர் வேலை கிடைத்தது. வயது 24. முதல் ஒத்திகையில் ஆர்க்கெஸ்ட்ரா ஒழுங்காகத்தான் வந்தது, பாடகர்கள் தாறுமாறானார்கள். அவர்கள் எங்கே தொடங்கவேண்டும் என்று நடத்துநர் சைகை காட்டவேண்டும் என்பதே அந்த மேதைக்குத் தெரிந்திருக்கவில்லை! மூத்த நடத்துநர் எஸ்போசிட்டோ வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அக்டோபரில் ‘சாம்சனும் தலீலாவும்’ ஆப்பராவை நடத்திக் கரையேறினார். ஏழு வருடத்தில் போல்ஷோய் அரங்கமே அவரை அழைத்தது.

இன்னொருவர் கூஸெவிட்ஸ்கி. டபுள் பேஸ் வாசித்தவர். தேயிலை வியாபாரியின் மகளைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு பணத்துக்குக் குறைவில்லை. 1908ல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கையே வாடகைக்கு எடுத்து நடத்துநராக அரங்கேறினார். அன்று பியானோவில் அமர்ந்து தன் இரண்டாம் கன்சர்ட்டோவை வாசித்தவர் அதே ரக்மானினோவ்.

ஜூபினிடம் ஆர்க்கெஸ்ட்ராவை வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லை. கைகொடுக்க மாமொந்தவும் இல்லை. மாதச் செலவுக்கு ஊரிலிருந்து வரும் பணத்தை எண்ணிச் செலவழிக்கும் மாணவர் அவர். ஆனால் கூஸெவிட்ஸ்கியின் வாத்தியம் அவரிடமும் இருந்தது. வியன்னா அகாதமியில் அவர் டபுள் பேஸும் படித்தார். ஆர்க்கெஸ்ட்ராவின் கடைசி வரிசை அது. அங்கிருந்து பார்த்தால் நடத்துநரின் பலம், பலவீனம் இரண்டும் தெளிவாகத் தெரியும்.

குரு ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி. புடாபெஸ்டில் பிறந்தவர், ஷோன்பர்கிடமும் வெபர்னிடமும் பாடம் கேட்டவர். கையை வீசி, தலைமுடியை உதறி நடத்துவது அவருக்குப் பிடிக்காது. ஏட்டைப் பிரித்துப் படி, எந்தச் சொற்றொடர் எத்தனை தாளத்தில் முடிகிறது என்று முதலில் சொல், கையைப் பிறகு தூக்கலாம் என்பார். பின்னாளில் உலகம் ஜூபினின் கைவீச்சைக் கொண்டாடியது. அந்த வீச்சுக்கு அடியில் இந்தக் கண்டிப்பான இலக்கணம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அந்த வகுப்பில் இன்னொரு மாணவர் இருந்தார்: மிலானிலிருந்து வந்த கிளாடியோ அபாடோ. 1956 கோடையில் இத்தாலியின் சியெனா நகரில் நடந்த முகாமில் இருவரும் சேர்ந்து படித்தார்கள். அங்கே அவர்களோடு 13 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். பெயர் டேனியல் பாரன்பாய்ம். இந்த மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

வியன்னாவில் கரயானும் புரூனோ வால்டரும் ஒத்திகை நடத்தினால் மாணவர்களுக்கு உள்ளே இடம் கிடையாது. ஜூபினும் அபாடோவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த நகரின் பெரிய கோரஸ் குழுவில் பேஸ் குரல் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். கோரஸ் பாடவேண்டிய படைப்புகளுக்கு அது இல்லாமல் ஒத்திகை நடக்காது அல்லவா! மகான்கள் ஆர்க்கெஸ்ட்ராவைத் திருத்துவதை, கெஞ்சுவதை, அதட்டுவதை எல்லாம் நேருக்கு நேர் நின்று பார்த்தார்கள். பாட்டுக்காகப் போகவில்லை, ஒத்திகைக்காகவே பாடினார்கள்.

1956 அக்டோபரில் ஹங்கேரி எழுந்தது. நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் எல்லையைக் கடந்து ஆஸ்திரியாவுக்குள் வந்தார்கள். வியன்னாவுக்கு வெளியே அகதி முகாம்கள் நிறைந்தன. 20 வயது ஜூபின் சக மாணவர்களை ஓடியோடிச் சேர்த்து, சில நாட்களில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவைத் திரட்டி, முகாமுக்குக் கூட்டிப்போய் வாசிக்கவைத்தார். ஊரிழந்து வந்தவர்களுக்குச் சோறும் கம்பளியும் கொடுத்தவர்கள் பலர். சங்கீதமும் அவர்களுக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்த இந்த இளைஞர் இந்தியர். அந்த முகாமில் எவரும் அவரைத் தகுதி கேட்கவில்லை. கோலைத் தூக்கினார், நண்பர்கள் வாசித்தார்கள்.

அந்த இரவை இங்கே குறித்துவையுங்கள். புடாபெஸ்ட் இந்தக் கதைக்குள் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

படிப்பு முடிந்தது. 1958ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் இளம் நடத்துநர்களுக்கான சர்வதேசப் போட்டி. ஏறத்தாழ நூறு பேர் கலந்துகொண்டார்கள். முதல் பரிசு ஜூபினுக்கு! பரிசோடு ராயல் லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக்கில் ஓராண்டு உதவி நடத்துநர் பதவி. அதே கோடையில் அமெரிக்காவில், கூஸெவிட்ஸ்கி உருவாக்கிய டாங்கிள்வுட் பயிற்சிக் களத்தில், அவர் பெயரிலான பரிசுக்கு நண்பர்கள் இருவரும் மோதினார்கள். அபாடோ முதலிடம், ஜூபின் இரண்டாமிடம்.

லிவர்பூல் வருடம் சுகமாக இல்லை. அருகிலேயே மான்செஸ்டரில், ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவில் அப்பா மெஹ்லி வயலின் வாசித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் ஆறுதல். பம்பாயில் தானே ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கி நடத்திய மனிதர், நாற்பது வயதைத் தாண்டி, வெளிநாட்டில் இன்னொருவர் கோலுக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தார். சங்கீதம் இருக்கும் இடத்தில் இருப்பதற்காக அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது. மகனின் பெருமையைப் பேசும்போதெல்லாம் மெஹ்லியையும் சேர்த்தே பேசவேண்டும் என்பது என் கட்சி.

ஓராண்டு முடிந்தது. கனடாவைச் சேர்ந்த பாடகி கார்மன் லாஸ்கியோடு கல்யாணமும் ஆகியிருந்தது. முதல் பரிசு வாங்கிய நடத்துநருக்கு நடத்த ஆர்க்கெஸ்ட்ரா இல்லை.

ஐரோப்பிய நடத்துநர்கள் வழக்கமாக வளரும் பாதை வேறு. சிறு ஊர் ஆப்பரா அரங்கில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பாடம் சொல்லித் தொடங்குவார்கள். மெல்ல மெல்லப் பள்ளத்துக்குள் இறங்கிக் கோலெடுப்பார்கள். ஜூபினுக்கு அந்தப் படிக்கட்டு வாய்க்கவில்லை. அவர் முதன்முதலாக ஓர் ஆப்பராவை நடத்தியது 1963ல்தான், மொன்ட்ரியாலில், ‘டோஸ்கா’. அந்தக் கதைக்குப் பின்னால் வருவோம். அவருக்கு வாய்த்தது வேறு வழி. யாருக்கோ உடம்பு சரியில்லாமல் போகும், மேடை காலியாகும், ஏடு தலைக்குள் தயாராக இருக்கும் ஒருவன் வேண்டும்.

1960ன் பிற்பகுதியில் மொன்ட்ரியால் சிம்பனியின் தலைவர் ஈகோர் மார்க்கெவிச் உடல்நலம் கெட்டு வரமுடியாமல் போனார். கீவ் நகரில் பிறந்து, சிறு வயதிலேயே இசையமைப்பாளராகப் பெயரெடுத்து, பிறகு இசையமைப்பதை விட்டு நடத்துநரானவர் அவர். அவர் இடத்தில் நின்ற ஜூபினைக் கேட்டபின் மொன்ட்ரியால்காரர்களுக்கு வேறு யோசனை எழவில்லை. எங்கள் தலைவராகவே இருங்கள் என்றார்கள்.

1961 ஜனவரி. லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரிட்ஸ் ரைனர் நடத்தவேண்டிய கச்சேரிகள். ரைனர் இதயநோயாளி, வரவில்லை. ஜூபின் போனார்.

அதே வருடம் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கில் யூஜின் ஆர்மண்டிக்கு உடம்பு சரியில்லை. ஜூபின் போனார். அங்கே தொடங்கிய உறவு அரை நூற்றாண்டைத் தாண்டி நீடித்தது.

25 வயதிலேயே வியன்னா, பெர்லின், இஸ்ரேல் என்று மூன்று ஃபில்ஹார்மோனிக்குகளையும் நடத்தியிருந்தார். இதை அதிர்ஷ்டம் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அழைப்பு வந்த பிறகு ஏட்டைப் பிரித்தவனுக்கு அந்த மேடை ஒரே ஒரு இரவுதான் கிடைத்திருக்கும். கடைசி வரிசையில் டபுள் பேஸோடும், கோரஸில் நின்றபடியும் அவர் கழித்த வருடங்கள்தான் அந்த மேடையில் அவரோடு ஏறின.

இப்போது புடாபெஸ்ட். குரு ஸ்வரோவ்ஸ்கி பிறந்தது அங்கே. ரைனர் பிறந்தது அங்கே. ஆர்மண்டி பிறந்ததும் அங்கேதான். முகாமில் ஹங்கேரிய அகதிகளுக்காகக் கோலெடுத்தவரின் பாதையை அந்த நகரத்து மனிதர்கள் ஒவ்வொருவராகத் திறந்துவிட்டார்கள். நான்காவது ஒருவரும் இருந்தார். அவர் கதவைத் திறந்தது அன்பினால் அல்ல.

ஜார்ஜ் சோல்ட்டி. புடாபெஸ்ட் ஆப்பராவில் பாடகர்களுக்குப் பாடம் சொல்லித் தொடங்கி, ஃபிராங்ஃபர்ட் ஆப்பராவின் தலைமைக்கு உயர்ந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கின் அடுத்த தலைவர் என்று அவரோடு ஒப்பந்தம் ஆகியிருந்தது. அந்த அமைப்பின் குழுவுக்குத் தலைமை வகித்த டாரதி சாண்ட்லர் அம்மையார், நகரின் பெரிய பத்திரிகைக் குடும்பத்து மருமகள். புதிய இசை அரங்கத்துக்காக ஊரெல்லாம் நிதி திரட்டிக்கொண்டிருந்தவர். ஜனவரியில் ஜூபினைக் கேட்டதும் அவரை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார். துணை நடத்துநர் பதவியை ஜூபினுக்குக் கொடுத்தார். சோல்ட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தன் கீழ் வேலை செய்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தலைவருக்கு உண்டு என்பது எந்த ஆர்க்கெஸ்ட்ராவிலும் அடிப்படை விதி. ஜூபினின் திறமையைப் பற்றி இதில் பேச்சே இல்லை. சோல்ட்டி பக்கம்தான் நியாயம் இருந்தது. அவர் பேரம் பேசவில்லை. ஒரு கச்சேரிகூடத் தலைவராக நடத்தாமல், 1961லேயே பதவியை விட்டு விலகினார்.

தலைவர் நாற்காலி காலி. நகரில் சர்ச்சை. கையில் இருப்பவர் 25 வயது இந்தியர் ஒருவர். அவரோ சுமார் 4000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மொன்ட்ரியாலுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தவர். வட அமெரிக்காவில் இரண்டு சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு ஒரே நேரத்தில் தலைமை வகித்தவர் அதுவரை எவருமில்லை. சாண்ட்லர் அம்மையார் என்ன கேட்டார், ஜூபின் என்ன பதில் சொன்னார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)