முகவரி இல்லாத சிப்பாய்

என் தாய்மாமா பட்டாளத்துக்காரர். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்த காலம். 1943-இல் சேர்ந்தவர், ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அத்தை காலமான பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டார். அப்புறம் நான்கு மாதம் எங்கள் வீடு, நான்கு மாதம் சித்தி வீடு, மீதி நாள் பெரியம்மா வீடு. ஒரு தகரப் பெட்டியும் ஒரு ஜமக்காளமும்தான் சொத்து.

ஒருமுறை கண்ணைப் பரிசோதித்த மருத்துவமனையிலிருந்து, உடனே வந்து காட்டும்படி கார்டு வந்தது. வந்தது பழைய வாடகை வீட்டுக்கு. அங்கிருந்து கைமாறிக் கைமாறி எங்களிடம் வர ஆறு வாரம் ஆயிற்று. அதற்குள் ஒரு கண் போய்விட்டது. மாமா கோபப்படவில்லை. “பர்மா காட்டுல எந்த மூலையில கிடந்தாலும் ரேஷன் தேடி வந்துச்சுடா. இங்க ஒரு கார்டு வந்து சேரல” என்று மட்டும் சொன்னார்.

நான் டெலிபோன் டிபார்ட்மென்டில் 36 வருடம் குப்பை கொட்டியவன். அதனால் அந்த வார்த்தை எனக்கு இரட்டிப்பாகக் குத்தியது. எங்கள் தொழிலில் லைன் ஆளைத் தேடிப் போகாது, முகவரியைத் தேடித்தான் போகும். கதவு எண் இல்லாத விண்ணப்பத்தை நானே எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். கொரோனா வந்து எட்டு மாதம் அங்கேயே தங்க நேர்ந்தது. ஒருநாள் காரில் போகும்போது சான் விசென்டே சாலையில் ஒரு காட்சி. முன்னாள் படைவீரர் மருத்துவமனை வளாகத்தின் வேலியை ஒட்டி, நடைபாதையில் வரிசையாகக் கூடாரங்கள், அவற்றில் அமெரிக்கக் கொடிகள். உள்ளே இருந்தவர்களில் பலர் முன்னாள் சிப்பாய்கள் என்றாள் மகள். பணக்கார நாட்டிலும் என் மாமாவைப் போல் ஆட்களா என்று திகைத்துப்போனேன். வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் 3 அன்று, ஊனமுற்ற வீரர்களுக்கான தேசிய இல்லம் அமைக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். முதல் இல்லம் 1866-இல் மெய்ன் மாநிலத்தின் டோகஸில் திறந்தது. அங்கே கூரையும் சோறும் வைத்தியமும் ஒரே இடத்தில் கிடைத்தன. சிப்பாய் இருக்கும் இடத்திலேயே டாக்டரும் இருந்தார். நான் பார்த்த லாஸ் ஏஞ்சலஸ் வளாகமும் 1888-இல் இப்படி ஓர் இல்லத்துக்காகத் தானமாகக் கிடைத்த நிலம்தான். கொடுத்தவர்களில் ஒருவர் செனட்டர் ஜான் ஜோன்ஸ், இன்னொருவர் அர்காடியா டி பேக்கர் என்ற சீமாட்டி. நாளடைவில் குடியிருப்பு நின்றுபோய் மருத்துவமனை மிஞ்சியது. வீரர்கள் தங்கத் தந்த நிலத்தின் வேலிக்கு வெளியே வீரர்களே கூடாரம் போட்டிருந்தார்கள். பின்னால் இது வழக்காகி, 2024-இல் டேவிட் கார்ட்டர் என்ற நீதிபதி அங்கே வீடுகள் கட்டித்தரச் சொன்னார். அது மேல்முறையீட்டுக்கும் போயிற்று.

கூடாரம் என்றதும் 1932 நினைவுக்கு வரவேண்டும். முதல் உலகப் போரில் சண்டையிட்டவர்களுக்கு 1924-இல் போனஸ் பத்திரம் கொடுத்தார்கள். ஆனால் பணம் 1945-இல்தான் கிடைக்கும். பொருளாதார மந்தத்தில் வேலையும் வீடும் இழந்தவர்கள் அதுவரை எப்படிப் பொறுப்பார்கள்? ஆயிரக்கணக்கில் குடும்பத்தோடு வாஷிங்டன் வந்து அனகோஸ்டியா ஆற்றோரம் குடிசை போட்டார்கள். ஜூலை 28 அன்று ஜெனரல் மெக்கார்தர் தலைமையில் ராணுவமே வந்து அவர்களை விரட்டியது. குடிசைகள் தீக்கிரையாயின. பணம் 1936-இல்தான் கைக்கு வந்தது.

இனி டெலிபோன்காரன் கதைக்கு வருகிறேன். தொலைவிலிருந்தே வைத்தியம் பார்ப்பது கொரோனா காலத்துக் கண்டுபிடிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1959-லேயே நெப்ராஸ்கா மனநல நிலையத்தில் இருவழித் தொலைக்காட்சி மூலம் சிகிச்சை நடந்தது. 1964-இல் 112 மைல் தள்ளியிருந்த நார்ஃபோக் மனநல மருத்துவமனையை அதோடு இணைத்தார்கள். 1968-இல் பாஸ்டன் விமான நிலையத்து நோயாளிகளை மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை டாக்டர்கள் திரையில் பார்த்தார்கள். பிறகு முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்கும் இந்த வசதி போனது. ஆனால் எல்லாம் கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குப் போன கம்பி.

2003-இல் படைவீரர் நலத்துறை ஒரு படி முன்னே வந்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக்கோளாறு உள்ளவர்களின் வீட்டில் ஒரு சிறு கருவியை வைத்து, டெலிபோன் லைனில் மாட்டி, அன்றாட அளவுகளைச் செவிலியருக்கு அனுப்பும் திட்டம். முதியவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அதன் பெயரிலேயே வீடு இருந்தது. கருவியை வைக்க மேஜை வேண்டும், மாட்ட லைன் வேண்டும், லைனுக்கு முகவரி வேண்டும். காரில் படுத்து எழுபவர் என்ன செய்வார்? மாமாவின் கார்டு கதைதான் இன்னொரு வடிவத்தில்.

இந்த முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்த விதம்தான் எனக்குப் பிடித்தது. 2016 முதல் இணைய இணைப்போடு சேர்த்தே டேப்லெட்டுகளை இரவல் கொடுத்தார்கள். வைஃபை எங்கே என்று தேட வேண்டாம். அடுத்த முடிச்சு சட்டத்தில் இருந்தது. அங்கே டாக்டர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நோயாளி எல்லை தாண்டினால் டாக்டருக்குச் சிக்கல். நிலையான இடம் இல்லாதவருக்கு மாநில எல்லை என்ன கணக்கு? 2018-இல் வந்த விதி, நலத்துறை டாக்டர் எங்கிருந்தாலும், நோயாளி எங்கிருந்தாலும் பார்க்கலாம் என்று அந்தச் சுவரை உடைத்தது.

2020-இல் வீடற்ற வீரர்களுக்கு ஸ்மார்ட்ஃபோன்களையே கொடுத்தார்கள். சில மொபைல் நிறுவனங்கள், டாக்டரோடு வீடியோவில் பேசும் நேரத்துக்கு டேட்டா கணக்கில் கழிக்காமல் விட்டன. 2021 ஜனவரியில் வந்த சட்டம், பெருந்தொற்று முடியும்வரை வீடற்ற வீரருக்கு உணவு, தங்குமிடம், போக்குவரத்து, கைப்பேசி எல்லாவற்றுக்கும் செலவு செய்ய அனுமதித்தது. கைப்பேசியும் மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய பொருள் என்று அரசாங்கம் புரிந்துகொண்ட நாள் அது.

சிற்றூர்களில் முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடத்திலும் சில பெரிய கடைகளிலும் கதவு சாத்திய ஓர் அறை ஒதுக்கி, திரை வைத்து, டாக்டரோடு பேச ஏற்பாடு செய்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத் நினைவிருக்கிறதா? வீட்டில் டெலிபோனுக்குப் பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருந்த நாட்டில், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு துபாயில் இருக்கும் மகனோடு எவரும் பேச வழி செய்தது அந்தப் பூத்தானே! அங்கே யாரும் முகவரி கேட்கவில்லை. சத்தமும் கும்பலும் உள்ள தங்குமிடத்தில் மனநோயைப் பற்றி டாக்டரிடம் வாய் திறக்க முடியுமா? சாத்திய கதவும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான்.

வீடியோவில் டாக்டர் பேச ஆரம்பிக்கும்போதே, “இப்போது எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்பது வழக்கம். பேச்சின் நடுவே ஆபத்து வந்தால் ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது என்பதற்காக. மாமாவை யாராவது அப்படிக் கேட்டிருந்தால், ‘இந்த மாதம் தங்கச்சி வீட்டில்’ என்று சொல்லியிருப்பார். கண் தப்பியிருக்கும். எல்லாரும் கேட்டது ‘உங்கள் முகவரி என்ன’ என்றுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. கைப்பேசி வீடாகாது. சார்ஜ் போட இடம் வேண்டும். மழையில் நனையும், திருடு போகும். வீடற்ற வீரர்களின் எண்ணிக்கையைக் குறைத்ததில் பெரிய பங்கு கைப்பேசிக்கு இல்லை, வாடகை உதவிக்குத்தான். 1992-இல் தொடங்கி 2008-க்குப் பின் பெருகிய திட்டத்தில், வாடகைச் சீட்டோடு வீரரைத் தொடர்ந்து கவனிக்க ஓர் அலுவலரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2010 ஜனவரியில் ஓர் இரவுக் கணக்கெடுப்பில் 74,000-க்கு மேல் இருந்த வீடற்ற வீரர்கள், 2024 கணக்கில் 32,882. அந்த அலுவலரைச் சந்திக்கவும் டாக்டரை விட்டுவிடாமல் இருக்கவும் கைப்பேசி கைகொடுக்கிறது. அந்த அளவுக்கு அது பெரிய விஷயம்.

நம் நாட்டிலும் முன்னாள் ராணுவத்தினர் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்க 2021-இல் ‘சேஹத்’ என்ற இணையச் சேவை வந்திருக்கிறது. உங்கள் தெருவில் பிள்ளைகள் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்குமாக அலையும் பழைய பட்டாளத்துக்காரர் யாராவது இருந்தால், ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் அதைத் திறந்து காட்டுங்கள். என் மாமாவின் தகரப் பெட்டி இன்னும் என் பரணில் இருக்கிறது. அந்தக் கார்டும் அதற்குள்தான். முன்பக்கத்தில் மூன்று முகவரிகள், மூன்றும் அடிக்கப்பட்டவை.