ஒரே ஆள், எட்டு கிடார்: வீட்டிலேயே பாட்டு பதிவு செய்த கதை

திருவாண்டார்கோயில் என்பது புதுச்சேரி - விழுப்புரம் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு நிறுத்தம். தேவாரம் தெரிந்தவர்களுக்கு அது சம்பந்தர் பாடிய திருவடுகூர். இந்த மாதிரி ஊர்களில் திருவிழா நாதஸ்வரக் கச்சேரியைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். இரண்டு நாதஸ்வரம் இருந்தாலும் இரண்டும் வாசிப்பது ஒரே மெலடிதான். ஒத்தோ சுருதிப் பெட்டியோ ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். தாளத்தைத் தவில் பார்த்துக்கொள்ளும்.

கிடார் பாட்டு அப்படி இல்லை. ஒருவர் கார்டு பிடிக்க வேண்டும், இன்னொருவர் பேஸ் வாசிக்க வேண்டும், மூன்றாவது ஆள் லீட் வாசிக்க வேண்டும். மூன்றும் வேறு வேறு, ஆனால் சேர்ந்து ஒலிக்க வேண்டும். கிராமத்தில் தனியாகக் கிடார் கற்றுக்கொள்ளும் மாணவனுக்கு வரும் முதல் சிக்கலே இதுதான். மற்ற இரண்டு பேருக்கு எங்கே போவது?

இதே கேள்விக்கு அமெரிக்காவில் ஒருவர் விடை கண்டுபிடித்தார். அவர் பெயர் லெஸ் பால். 1915ல் விஸ்கான்சின் மாநிலத்தில் வாக்கேஷா என்ற ஊரில் பிறந்தவர். தானாக வாசிக்கும் பியானோ ஒன்று அவர் வீட்டில் இருந்தது. துளை போட்ட காகிதச் சுருள்தான் அதற்குப் பாட்டு. சின்னப் பையனாக இருந்தபோதே அந்தக் காகிதத்தில் கூடுதலாகத் துளை போட்டு, பாட்டில் இல்லாத ஸ்வரங்களை ஒலிக்க வைத்தாராம். விளையும் பயிர்! சிகாகோ ரேடியோவில் 'ரூபார்ப் ரெட்' என்ற பெயரில் நாட்டுப்புறப் பாட்டு வாசித்த அதே ஆள், இன்னொரு பக்கம் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் வாசிப்பின் மேல் அவருக்குப் பைத்தியம்.

1940களில் ஹாலிவுட்டில் தன் வீட்டுக் கார் ஷெட்டையே ஸ்டூடியோ ஆக்கினார். அப்போது டேப் புழக்கத்துக்கு வரவில்லை. இசைத்தட்டில் நேரடியாக வெட்டித்தான் பதிய வேண்டும். அந்த வெட்டும் இயந்திரத்தையும் அவரே செய்துகொண்டார், காடிலாக் கார் ஒன்றின் ஃப்ளைவீலை வைத்து. முறை எளிதுதான். முதல் தட்டில் ஒரு கிடார் வாசித்துப் பதிவு செய்வார். அதை ஓடவிட்டு, கூடவே இரண்டாவது கிடார் வாசித்து, இரண்டையும் சேர்த்து இன்னொரு தட்டில் பதிவார். பிறகு அதன் மேல் மூன்றாவது. சில பகுதிகளைப் பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஓட்டினார். அப்போது கிடார் ஒரு ஸ்தாயி மேலே போய்க் கீச்சென்று கேட்கும். இப்படி எட்டுப் பகுதிகளையும் ஒரே ஆள் வாசித்த 'லவர்' என்ற இசைத்தட்டை 1948ல் கேபிடல் நிறுவனம் வெளியிட்டது.

அதே 1948 ஜனவரியில் ஒரு கார் விபத்தில் அவருடைய வலது முழங்கை நொறுங்கிவிட்டது. இனிமேல் மடக்க முடியாது, ஏதாவது ஒரு கோணத்தில் நிரந்தரமாக நிற்கும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அப்படியானால் கிடார் பிடிக்கிற கோணத்திலேயே வைத்துவிடுங்கள் என்றார் லெஸ் பால். அப்படியே செய்தார்கள்.

1949ல் பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஒரு ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர் கொடுத்தார். லெஸ் பால் அதில் கூடுதலாக ஒரு ஹெட்டைப் பொருத்தினார். பழைய பதிவை அந்த ஹெட் படிக்கும், அதனுடன் புது வாசிப்பும் சேர்ந்து அதே டேப்பில் பதிவாகும், பழையது அழிந்துவிடும். இங்கேதான் ஆபத்து. ஏழு அடுக்கு சரியாக வந்து எட்டாவதில் ஒரு விரல் தவறினால் எட்டும் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்று 'அண்டூ' பட்டனை அழுத்துகிறவர்களுக்கு அந்தப் பயம் புரியாது :-)

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் இரைச்சல் கூடி, அடியில் இருக்கும் பகுதி மங்கிப்போகும். அதனால் முக்கியம் இல்லாத பகுதிகளை முதலில் வாசித்து, முக்கியமானதைக் கடைசியில் வைத்துக்கொண்டார். அதாவது முதல் ஸ்வரம் வாசிக்கும் முன்பே முழுப் பாட்டும் மனதுக்குள் தயாராக இருக்க வேண்டும். மனைவி மேரி ஃபோர்டுடன் இப்படி வீட்டில் செய்த 'ஹவ் ஹை த மூன்' 1951ல் ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதல் இடத்தில் இருந்தது. 1957ல் ஆம்பெக்ஸ் அவருக்கு எட்டு டிராக் இயந்திரம் செய்து கொடுத்தபோதுதான் ஒன்றை அழிக்காமல் இன்னொன்றைச் சேர்க்க முடிந்தது.

அந்தக் காலத்துச் சென்னையில் நிலைமை வேறு. பாடகர், வயலின்கள், தபலா, கிடார் எல்லாரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒன்றாக வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் எல்லாரும் திரும்ப வாசிக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் அது பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவும் முதலில் அந்த ஹாலில் கிடார் வாசித்தவர்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். கிளாசிக்கல் கிடாரில் கட்டைவிரல் பேஸ் வாசிக்கும், மற்ற விரல்கள் மெலடி வாசிக்கும். ஒரு கைக்குள்ளேயே இரண்டு மூன்று பகுதிகள்! லெஸ் பால் இயந்திரத்தில் தேடியதை இது விரல்களில் தேடுகிறது. 1978ல் வந்த 'சிட்டுக்குருவி' படத்தில் இளையராஜா இசையமைத்த ஒரு டூயட்டில், ஒரே பாடகரின் குரல் தன் மேலேயே ஏறி வேறு வரியைப் பாடுவதைக் கேட்கலாம். மெலடி ஒன்றே என்று பழகிய காதுக்கு அது பெரிய அதிர்ச்சிதான்.

அடுத்து 1989. ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவைக் கட்டினார். முதலில் விளம்பர இசை, பிறகு 1992ல் 'ரோஜா'. கலைஞர்கள் தனித்தனியாக வந்து வாசித்துவிட்டுப் போவார்கள், அவர் அவற்றில் வேண்டியதை எடுத்து அடுக்குவார். கேட்க அற்புதமாக இருந்தது. ஆனால் கீபோர்டும் இந்த முறையும் பரவப் பரவ, அறுபது பேர் உட்கார்ந்த ஹாலில் வேலை குறைந்தது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

ஸ்டூடியோ கட்ட வசதி இல்லாதவர்களுக்கு உதவியது சாதாரண கேசட். 1979ல் டியாக் நிறுவனம் கேசட்டிலேயே நான்கு டிராக் பதியும் போர்ட்டாஸ்டூடியோவைக் கொண்டுவந்தது. 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சி வீட்டில் அதில் சில பாட்டுகளை மாதிரிக்காகப் பதிவு செய்தார். பிறகு இசைக்குழுவுடன் ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்தும் வீட்டில் வந்த உணர்ச்சி வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது.

2000ல் வந்த ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இந்த வசதியை எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது. இப்போது திருவாண்டார்கோயிலில் ஒரு அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, பஸ் ஹாரன் அடங்கும் வரை காத்திருந்து, ஒருவரே நான்கு கிடார் வாசிக்கலாம். புது ஸ்டைல் கற்பவருக்கு இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. ப்ளூஸின் ஆட்டமான தாளத்தையோ போசா நோவாவின் தள்ளி விழும் அடியையோ தனியாக வாசிக்கும்போது சரியாக வருவது போலத்தான் இருக்கும். அதன் மேல் பேஸ் சேர்த்தவுடன் எந்த அடியில் அவசரப்பட்டோம் என்பது தெரிந்துவிடும். அடி டிராக் ஆடினால் மேலே வருவது எல்லாம் ஆடும்.

ஆனால் அந்த டிராக் திரும்பிப் பேசாது. நீங்கள் மெதுவானால் உங்களுக்காக அது மெதுவாகாது. லெஸ் பாலுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 1984லிருந்து நியூயார்க்கில் திங்கட்கிழமை இரவுகளில் சின்ன கிளப்களில் வாசிக்க ஆரம்பித்தார், 1996க்குப் பிறகு இரிடியம் கிளப்பில். மூட்டுவாதத்தால் விரல்கள் பல மடங்காமல் போயின. மேடையில் எட்டு லெஸ் பால்கள் இல்லை, பக்கத்தில் வேறு கலைஞர்கள் இருந்தார்கள். 2009 ஆகஸ்டில் 94 வயதில் இறந்தார். அந்த ஆண்டு வரை திங்கட்கிழமைகளில் அங்கே வாசித்துக்கொண்டிருந்தார்.