மறைந்த தொகுதியும் மறையாத உரிமையும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலைப் பற்றியும் பள்ளிவாசலைப் பற்றியும் எழுதுவர். பாளையக்காரர் கதையையும் சந்தையின் பெருமையையும் எழுதுவர். அவ்வூரார் எந்தத் தொகுதியில் வாக்களித்தனர் என்பதை எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு நாட்டு மக்கள் எப்போது குடிமக்களாக மதிக்கப்பட்டனர் என்பதை அறிய அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. இந்த நோக்குடன், பத்தே ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பாராளுமன்றத் தொகுதியின் வரலாற்றை இங்கே நோக்குவோம்.

விக்டோரியா மகாராணியின் காலத்தில் பாராளுமன்றத் தொகுதி என்பது இந்திய மண்ணில் இல்லாத பொருளாக இருந்தது. 1892ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் தாதாபாய் நௌரோஜி ஐந்தே வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். இந்தியர் ஒருவர் இலண்டனில் வென்ற அந்த ஆண்டிலும், இந்திய மண்ணில் வாழ்ந்த சாமானியருக்கு வாக்கு இல்லை. அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய கவுன்சில்கள் சட்டம், நகராட்சிகளும் மாவட்ட போர்டுகளும் சிலரைப் பரிந்துரைக்க மட்டுமே இடமளித்தது. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தின் நெசவாளியும் உழவரும் அதில் எவ்விதப் பங்கும் பெறவில்லை. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக, இவ்வட்டம் அதனோடு சேர்ந்தது. மாவட்டம் மாறிற்று, மக்களின் நிலை மாறவில்லை.

1909ஆம் ஆண்டின் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி அளித்தது. முஸ்லிம் பிரதிநிதியை முஸ்லிம்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் கருத்து. எனினும், சொத்தும் வரியும் கல்வியும் உடையோருக்கே வாக்கு இருந்தமையால், நம் சமுதாயத்தின் ஏழைகளுக்கு அதனால் விளைந்த பயன் சிறிதே. தனித் தொகுதி இருந்தது. அத்தொகுதிக்குள் நம்மில் பெரும்பாலோர் இல்லை.

நாடு விடுதலை பெற்றபின், அரசியல் நிர்ணய சபையில் இப்பொருள் விவாதத்துக்கு வந்தது. 1947 ஆகஸ்டில் சென்னையின் பி. போக்கர் சாகிப் தனித் தொகுதியை வேண்டித் திருத்தம் கொண்டுவந்தார். திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் 1949 மே மாதத்திலும் அதற்காக வாதாடினார். பிறருடைய வாக்கை நம்பி நிற்பவர் சமுதாயத்தின் உள்ளக் கிடக்கையை எடுத்துரைக்க இயலுமா என்பதே அவர்களது கவலை. சபை அதை ஏற்கவில்லை. பொதுத் தொகுதியும், இருபத்தொரு வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்கும் என்பதே முடிவாயிற்று.

அந்த முடிவின்படி நடந்த 1952 தேர்தலில் பிறந்ததே ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. எழுத்தறியாத தாய்மாரும் தம் வாக்குச் சீட்டைத் தாமே பெட்டியில் இட்டனர். நிலக்கிழாரும் கூலியாளும், இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் ஒரே பட்டியலில், ஒரே வரிசையில் நின்றனர். காங்கிரஸ் சார்பில் நின்ற காமராஜர், கோவையின் விஞ்ஞானி ஜி. டி. நாயுடுவை வென்று பாராளுமன்றம் சென்றார். 1954 ஏப்ரலில் அவர் சென்னை மாகாண முதலமைச்சராகிக் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது, இத்தொகுதியின் முதற் பிரதிநிதியை மாகாணம் எடுத்துக்கொண்டது.

1957இல் இது இரட்டை உறுப்பினர் தொகுதியாயிற்று. ஒன்று பொது இடம். மற்றொன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட இடம். சுயேச்சையாக நின்ற முத்துராமலிங்கத் தேவரும், காங்கிரஸின் ஆர். எஸ். ஆறுமுகமும் வென்றனர். 1961இல் இரட்டைத் தொகுதி முறை சட்டத்தால் ஒழிந்தது. 1962 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரே பாராளுமன்றத் தொகுதிகளின் பட்டியலில் இல்லை. தேவர் அருப்புக்கோட்டையில் நின்று வென்றார். பின்னர் வந்த சிவகாசித் தொகுதியும் 2009 தேர்தலோடு மறைந்தது. இன்று ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் விருதுநகர் மாவட்டத்தில் இருந்தும், தென்காசிப் பாராளுமன்றத் தொகுதியில் அடங்குகின்றன. தளவாய்புரத்தில் தறியோடும் தையல் எந்திரத்தோடும் வாழ்வோர் ஆட்சியரைக் காண விருதுநகருக்குச் செல்கின்றனர். பாராளுமன்ற உறுப்பினரையோ தென்காசித் தொகுதியில் தேர்ந்தெடுக்கின்றனர்.

நம் முன்னோரின் அச்சம் வீண்தானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து முஸ்லிம் ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. போக்கர் சாகிபுக்கும் காயிதே மில்லத்துக்கும் இடமளித்தவை, முஸ்லிம்கள் மிகுந்து வாழும் மலப்புறமும் மஞ்சேரியுமே. ஆயினும் மறுபுறமும் உண்டு. 1967இல் இராமநாதபுரத்திலும், 1971இல் பெரியகுளத்திலும் எஸ். எம். முகம்மது ஷெரீப் வென்றார். அவ்விரண்டும் முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் பொதுத் தொகுதிகள். தனித் தொகுதியில் பிறர் வாக்கை நாம் கேட்க வேண்டியதில்லை; அவரும் நம் வாக்கைக் கேட்க வேண்டியதில்லை. பொதுத் தொகுதியிலோ, நம் தெருவுக்கு வராமல் எந்த வேட்பாளரும் வெற்றியை உறுதி செய்துகொள்ள முடியாது. எண்ணிக்கையில் நாம் குறைவாயினும், பொதுத் தொகுதி நமக்கு அளித்த வலிமை இதுவே.

தொகுதிகளின் எல்லைகள் வரையப்படும், அழிக்கப்படும். பெயர்கள் தோன்றும், மறையும். நிலைத்திருப்பது வாக்காளர் பட்டியலில் உள்ள ஒரு வரிதான். சொத்து வரி ரசீதைக் காட்டித்தான் அந்த வரியைப் பெற முடியும் என்றிருந்த காலத்தை நம் பாட்டனார்கள் கண்டனர். நாமோ அதை எளிதாகப் பெற்றோம். எனவே, நம் இல்லத்தில் வயது வந்த ஆண், பெண் அனைவரின் பெயரும் அப்பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பதும், இவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதும் நம் கடமையாகும்.